பொம்மைகளுக்குத் தெளிப்பு வண்ணம் பூசுதல்

பொம்மைகளுக்குத் தெளிப்பு வண்ணம் பூசுதல் என்பது, கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் சிறு உருவங்களுக்கு அழுத்தக் குப்பி அல்லது காற்றழுத்தத் துப்பாக்கி மூலம் வண்ணம் தெளித்து, அவற்றைப் புதிய தோற்றமுடைய அலங்காரப் பொருளாகவோ கலைப்பொருளாகவோ மாற்றும் கைவினை ஆகும். பேச்சு வழக்கில் இது "ஸ்பிரே அடித்தல்" எனப்படும். மேலைநாடுகளில் இது பெரும்பாலும் பொழுதுபோக்காக அறியப்படுகிறது. தமிழகத்தில் கொலு பொம்மைகள், பிள்ளையார் சிலைகள், கிறித்துமசுக் குடில் உருவங்கள் ஆகியவற்றின் உருவாக்கத்தோடும் பழுதுபார்ப்போடும் இக்கைவினை இணைந்துள்ளது.

ஒரே அச்சில் வார்க்கப்பட்ட நூறு பொம்மைகளும் வண்ணம் பூசும் வரை ஒன்று போலவே இருக்கும். அவற்றை வேறுபடுத்துவது பூச்சே ஆகும். பொம்மையின் விலையிலும் பெரும் பங்கு உடலுக்கு அன்று, வண்ண வேலைக்கே உரியது. வண்ணம் பூசாத அல்லது மட்டமான பூச்சுடைய பொம்மையை மலிவாக வாங்கித் தாமே வண்ணமிடும் வழக்கம் ஏற்பட்டதற்கு இதுவே காரணம்.

பின்னணி: கரிசல் நிலமும் மண் உருவங்களும்

விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்கள் மழை குறைந்த வானம் பார்த்த பூமியாகும். கரிசல் மண், கண்மாய்ப் பாசனம், குண்டாறு, நெசவு, நூற்பாலைகள் ஆகியன இப்பகுதியின் அடையாளங்கள். திருச்சுழி, இரமண மகரிசி 1879 இல் பிறந்த ஊர் என்ற வகையில் பலரும் அறிந்ததாகும். மண் உருவங்களுக்குப் பெயர் பெற்ற இரண்டு ஊர்கள் இப்பகுதியின் இருபுறமும் அமைந்துள்ளன. ஒன்று, மதுரைக்குத் தென்மேற்கே திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரி. கொலு பொம்மைகள், பிள்ளையார், குடில் உருவங்கள் ஆகியவை இங்கு மண், காகிதக்கூழ், பாரிசு சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிசு) ஆகியவற்றில் செய்யப்படுகின்றன. மற்றொன்று, வைகைக் கரையிலுள்ள மானாமதுரை. இவ்வூர் மட்பாண்டங்கள் 2023 இல் புவிசார் குறியீடு பெற்றன. விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாகச் செல்லும் தொடர்வண்டிப் பாதை மானாமதுரையில்தான் முடிகிறது. இப்பாதை 2013 இல் அகலப்பாதையாக மாற்றப்பட்டது.

உருவத்துக்கு வண்ணத்தால் உயிரூட்டும் எண்ணம் இந்நிலத்துக்குப் புதியதன்று. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் வட்டாரங்களில் நடைபெறும் புரவியெடுப்பு விழாவில், ஊரார் பிடிமண் கொடுத்த பின் வேளார் குயவர்கள் அய்யனாருக்குரிய மண் குதிரைகளைச் செய்கின்றனர். சுட்ட குதிரைக்கு வெள்ளையடித்து, அதன் மேல் பல நிறங்கள் தீட்டி, இறுதியாகக் கண் திறப்பர். அதுவரை அது சுட்ட மண். கண் திறந்தபின் அது சாமியின் குதிரை. கோயிலில் விடப்பட்ட மண் குதிரையை மீண்டும் யாரும் வண்ணமிடுவதில்லை. அது மழையில் வெளுத்து, உடைந்து, மண்ணாகிவிடும். அடுத்த முறைக்குப் புதிய குதிரை வரும். சிமெண்டுக் குதிரைகளின் நிலை வேறு. அவை அழிவதில்லை என்பதால் குடமுழுக்கின் போதும் திருவிழாவின் போதும் அவற்றின் மேல் புதிய எனாமல் பூசப்படுகிறது. இவ்வாறு புதுப்பித்தல், மறுபூச்சு என்னும் இரு வழிகளும் ஒரே கோயில் வளாகத்தில் அருகருகே காணப்படும். இக்குயவர்களின் கலையையும் பூசாரிப் பணியையும் பற்றிக் கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் இசுடீபன் இங்கிலிசு 1980களில் விரிவான ஆய்வு செய்துள்ளார்.

கொலு பொம்மைகள் மறுபூச்சு வகையைச் சேர்ந்தவை. ஆண்டுக்கு ஒன்றேனும் புதிய பொம்மை வாங்குவது மரபு என்றாலும், பழைய பொம்மைகள் துணியிலும் செய்தித்தாளிலும் சுற்றப்பட்டுப் பரணில் வைக்கப்படுகின்றன. பரணின் வெப்பத்தில் பூச்சு உரியும். ஒன்றோடொன்று உராய்ந்து மூக்கும் விரல்களும் தேயும். குறையுள்ள பொம்மையைப் படியில் வைக்க விரும்பாதவர்கள் அதைத் தூக்கி எறியவும் மனமின்றி மறுவண்ணம் பூசக் கொடுக்கின்றனர், அல்லது தாமே பூசுகின்றனர்.

தெளிப்புக் கருவிகள்

மரபான பூச்சில் சுண்ணாம்பு அல்லது சீமைச் சுண்ணாம்பு அடிப்பூச்சாகவும், வச்சிரப் பசை நிறத்தூளைப் பிணைப்பதாகவும் இருந்தன. நீர் பட்டால் கரைவது இப்பூச்சின் குறை. பின்னர் டிஸ்டெம்பரும் எனாமலும் வந்தன. எனாமல் தூரிகைத் தடத்தைக் காட்டும்; மெல்லிய மடிப்புகளை அடைத்துவிடும்; உலரப் பல மணி நேரம் பிடிக்கும். இக்குறைகளே தெளிப்பு முறைக்கு இடமளித்தன.

வண்ணத்தை அழுத்தக் காற்றால் தெளிக்கும் கருவிகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் உருவாயின. அழுத்தக் குப்பியின் அடிப்படையை நோர்வே நாட்டுப் பொறியாளர் எரிக் ரோத்தைம் 1920களில் வகுத்தார். அக்குப்பியில் வண்ணத்தை அடைத்தவர் அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தைச் சேர்ந்த வண்ண வணிகர் எட்வர்டு சீமோர் ஆவார். 1949 இல், தம் அலுமினிய வண்ணத்தை வாடிக்கையாளருக்குக் காட்ட எளிய வழி தேடியபோது, அவர் மனைவி பானி இந்த யோசனையைக் கூறியதாக அறியப்படுகிறது. தொடக்கத்தில் உந்துவளியாகப் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன்கள் ஓசோன் படலத்தைச் சிதைப்பது அறியப்பட்டு, 1987 ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் படிப்படியாக நீக்கப்பட்டன. இன்றைய குப்பிகளில் பெரும்பாலும் நீர்மப் பெட்ரோலிய வளியோ டைமெத்தில் ஈதரோ உள்ளது. இவை ஓசோனைத் தாக்குவதில்லை. ஆனால் எளிதில் தீப்பற்றுபவை.

குப்பியில் உந்துவளி நீர்மமாகவே இருப்பதால், வண்ணம் குறையும்போதும் அழுத்தம் ஏறத்தாழ மாறாமல் இருக்கும். எனினும் தொடர்ந்து தெளித்தால் ஆவியாதலால் குப்பி குளிர்ந்து, அழுத்தம் தாழ்ந்து, துளிகள் பெரிதாகும். இடைவெளி விட்டு அடிக்க வேண்டும் என்று கூறப்படுவதன் காரணம் இதுவே. தொழில்முறையாகப் பொம்மை செய்வோர் குப்பியைப் பயன்படுத்துவதில்லை. கம்பிரசரும் துப்பாக்கியுமே அவர்களுக்குக் கட்டுபடியாகும். வாகனங்களுக்கு டிங்கரிங், பெயிண்டிங் செய்யும் பட்டறைகளில் உள்ளதும் இதே கருவிதான்.

உருவத்தின் பொருளை அறிதல்

இக்கைவினையில் தோல்வியுறுவோரில் பெரும்பாலோர் வண்ணத்தைக் குறை கூறுவர். உண்மையில் குறை பெரும்பாலும் அடிப்பொருளைப் பற்றிய அறியாமையில் உள்ளது.

பாரிசு சாந்து என்பது சிப்சத்தை ஏறத்தாழ 150 பாகை செல்சியசில் சூடாக்கி, அதிலுள்ள நீரில் பெரும் பகுதியை நீக்கிப் பெறப்படும் தூளாகும். நீர் சேர்த்தால் அது மீண்டும் சிப்சமாக இறுகும். இறுகிய பின்னும் மிகையான நீர் நுண்துளைகளில் தங்கியிருக்கும். மேற்புறம் உலர்ந்ததாகத் தோன்றும் பொம்மைக்கு உடனே வண்ணமடித்தால், உள்ளே உள்ள ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சைக் கொப்புளமாக எழுப்பும். கையில் எடுத்தால் குளிர்ச்சியாக இருக்கும் பொம்மை இன்னும் உலரவில்லை என்று கொள்ளலாம். நுண்துளைகள் வண்ணத்தை உறிஞ்சுவதால் அடிப்பூச்சு இன்றியமையாதது; இல்லையெனில் ஒரு குப்பி முழுவதும் ஒரு சாண் பொம்மையில் மறைந்துவிடும்.

சுட்ட மண்ணும் நுண்துளை உடையதே. அதில் கூடுதலாக உப்புச் சிக்கல் உண்டு. மண்ணிலோ குழைத்த நீரிலோ இருந்த உப்பு, ஈரத்துடன் மேற்பரப்புக்கு வந்து வெண்மையாகப் படியும். உவர் நீர் மிகுந்த வறண்ட பகுதிகளில் இதைக் கவனிக்க வேண்டும். உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி நீக்க வேண்டும். நீரால் கழுவினால் அது மீண்டும் உள்ளிறங்கிப் பின்னர் வெளிவரும். சுடாத மண் பொம்மைக்கு நீர் சார்ந்த பூச்சை மிக மெல்லியதாகவே பயன்படுத்த முடியும்.

நெகிழி உருவங்கள் பலவகை. பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் ஆகியவற்றின் மேற்பரப்பில் வண்ணம் ஒட்டுவது அரிது. அதற்கெனத் தனி அடிப்பூச்சு வேண்டும். மென்மையான பி.வி.சி. பொம்மைகளில் உள்ள நெகிழ்வூட்டி வண்ணத்துள் ஊடுருவுவதால், பூச்சு மாதக்கணக்கில் பிசுபிசுப்பாகவே இருக்கக்கூடும். தெர்மாக்கோல் எனப்படும் பாலிசுடைரின் நுரை, கரைப்பான் பட்ட உடனே உருகிவிடும். கொலு மேடை அலங்காரத்துக்கு வெட்டிய தெர்மாக்கோல் கோபுரத்தின் மேல் நேரடியாக ஸ்பிரே அடித்து, அது கண்முன்னே குழிவிழக் கண்டவர் பலர். நீர் சார்ந்த எமல்சன் பூசி உலர்த்திய பின்னரே அதன் மேல் தெளிக்கலாம்.

செம்மரத்தாலான மரப்பாச்சிக்கு வண்ணம் பூசக்கூடாது. அதன் அழகும் மதிப்பும் மரத்திலேயே உள்ளன. அவ்வாறே, மூத்த தலைமுறையினரின் கொலுவிலிருந்து வந்த பழைய மண் பொம்மைகளில் பசை வண்ணம் இருக்குமானால், அதைச் சுரண்டி மேலே பொன்னிறம் அடிப்பது பழுதுபார்த்தல் ஆகாது. அது ஒரு கைவினைஞரின் வேலையை அழிப்பதாகும். ஈரப் பஞ்சால் அடிப்புறத்தில் தொட்டுப் பார்த்து, நிறம் பஞ்சில் ஏறினால் அப்பொம்மையைத் தூசி தட்டி அப்படியே வைப்பதே முறையாகும்.

செய்முறை

முதலில் உருவம் தூய்மை செய்யப்படுகிறது. வார்ப்பு அச்சிலிருந்து எளிதில் பிரிய இடப்பட்ட எண்ணெய் அல்லது சோப்பு மேற்பரப்பில் எஞ்சியிருக்கும். நெகிழியாயின் சோப்பு நீரால் கழுவலாம். சாந்தாயின் உலர் துணியால் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இரு பாதி அச்சுகள் கூடிய இடத்தில் காதோரமாகவும் தோள்வழியாகவும் ஓடும் மெல்லிய வரம்பை நீக்குதல் இக்கட்டத்தின் முக்கிய வேலை. மலிவான பொம்மையை மலிவானதாகக் காட்டுவது பெரும்பாலும் அந்த வரம்பே ஆகும். உடைந்த விரல், மூக்கு முதலியவற்றை இருகூறு எப்பாக்சிக் களிமண்ணால் உருவாக்கலாம். குழிகளுக்குப் பட்டி பார்த்து, உலர்ந்தபின் மீண்டும் தேய்க்க வேண்டும்.

அடுத்து அடிப்பூச்சு. சாம்பல் அல்லது வெள்ளை பிரைமரை மெல்லியதாக இருமுறை அடிப்பர். அடர்ந்த நிழல் தேவைப்படுவோர் முதலில் முழுவதும் கறுப்பு அடித்து, அது உலர்ந்தபின் தலைக்கு மேலிருந்து மட்டும் வெள்ளையைத் தெளிப்பர். அப்போது ஆடை மடிப்பின் மேடுகள் வெளுத்தும் பள்ளங்கள் கறுத்தும், மேலிருந்து வெளிச்சம் விழுவது போன்ற தோற்றம் உண்டாகும். இதன் மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய நிறத்தைப் பூசினால் ஒரே நிறம் பல சாயல்களாகத் தெரியும். தூரிகையால் பல மணி நேரம் செய்ய வேண்டிய வேலையை இது சில நிமிடங்களில் முடிக்கிறது.

வண்ணக் குப்பியை உள்ளிருக்கும் குண்டு தடையின்றி ஒலிக்கும் வரையிலும், அதன் பின் ஒரு நிமிடமும் குலுக்க வேண்டும். உருவத்துக்கும் குப்பிக்கும் இடையே 20 முதல் 30 செ.மீ. இடைவெளி போதுமானது. தெளிப்பை உருவத்துக்கு வெளியே தொடங்கி, அதைக் கடந்து வெளியே முடிக்க வேண்டும். உருவத்தின் மேலேயே தொடங்கினால் முதல் துளிகள் திட்டாக விழும். ஒரு தடித்த பூச்சைக் காட்டிலும் நான்கு மெல்லிய பூச்சுகள் மேலானவை. அருகிலிருந்து அடித்தால் வண்ணம் வழியும். தொலைவிலிருந்து அடித்தால் துளிகள் வழியிலேயே உலர்ந்து, மேற்பரப்பு உப்புத்தாள் போலச் சொரசொரப்பாகும். இரு நிறங்கள் சந்திக்கும் இடங்களை மாஸ்கிங் டேப்பால் மறைக்கலாம். அதை ஒட்டும் முன் கீழ்ப்பூச்சு நன்கு உலர்ந்திருக்க வேண்டும். வேலை முடிந்தபின் குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் வளி வரும் வரை அடித்தால் மூக்கு அடைபடாது.

பொன்னிறம் பற்றி ஒரு குறிப்பு. எந்த மட்டமான உருவத்தையும் முழுவதும் பொன்னிறமாக்கினால் அது விலையுயர்ந்ததாகத் தோன்றும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. உலோக நிறம் ஒளியைத் திருப்புவதால் சிறு குறைகளை மறைப்பதில்லை, கூட்டியே காட்டும். மேலும் முகத்தின் நுண்மைகள் ஒரே பளபளப்பில் கரைந்துவிடும். முழுவதும் பொன்னிறம் அடித்து, பள்ளங்களில் நீர்த்த பழுப்பு அல்லது கறுப்பு நிறத்தைத் தடவி, மேடுகளைத் துணியால் துடைத்தெடுத்தால் பழைய வெண்கலத்தின் தோற்றம் கிட்டும்.

காற்றும் ஈரமும்

விநாயகர் சதுர்த்தி ஆவணியிலும் நவராத்திரி புரட்டாசியிலும் வருகின்றன. எனவே வண்ண வேலை ஆடியிலேயே சூடுபிடிக்கிறது. தென்மாவட்டக் கரிசல் வெளிகளில் ஆடிக் காற்று வீசும் காலமும் அதுவே. திறந்த வெளியில் தெளிக்கப்பட்ட வண்ணம் பாதி காற்றோடு போகும். எஞ்சிய ஈரப் பூச்சில் கரிசல் தூசி படியும். வறண்ட வெப்பக் காற்றில் துளிகள் விரைவாக உலர்வதால் மேலே கூறிய சொரசொரப்பும் எளிதில் ஏற்படும். காற்று எழும் முன் விடியற்காலையில் அடிப்பதும், மூன்று பக்கம் மூடிய அட்டைப் பெட்டிக்குள் பொம்மையை வைத்து அடிப்பதும் இதற்குரிய எளிய தீர்வுகள்.

புரட்டாசி இறுதியில் மழை தொடங்கினால் நேர்மாறான சிக்கல் எழும். கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்நீர் பூச்சின் மேல் ஒடுங்கி, பால் படர்ந்தது போன்ற வெண்மையை உண்டாக்கும். குறிப்பாக லாக்கர் வகைப் பூச்சுகளில் இது நேரும். ஈரம் குறைந்த நாளில் மெல்லியதாக மறுபடி தெளித்தால் பெரும்பாலும் சரியாகும்.

கோடையில் இப்பகுதியின் வெப்பநிலை 40 பாகையைத் தொடக்கூடும். அழுத்தக் குப்பிகளை 50 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் வைக்கக்கூடாது என்பது பொதுவான எச்சரிக்கை. வெயிலில் நிறுத்திய மூடிய வாகனத்தின் உட்புறமும், தகரக் கூரையின் அடியும் இவ்வரம்பைத் தாண்டக்கூடியவை.

கண் எழுதுதல்

தெளிப்பு முறை எட்டாத இடம் கண். உடல், ஆடை, பீடம் ஆகிய அனைத்தையும் துப்பாக்கியால் முடிக்கும் பட்டறைகளிலும் கண், புருவம், உதடு, திலகம் ஆகியன மெல்லிய தூரிகையாலேயே எழுதப்படுகின்றன. இவ்வேலை பட்டறையில் அனுபவம் மிக்கவருக்கே ஒதுக்கப்படும். கருவிழி சிறிது மேலே போனால் பொம்மை மிரண்டதாகவும், இரண்டும் மூக்கை நெருங்கினால் மாறுகண்ணாகவும் தோன்றும். புதியவர்கள் முதலில் இமைக்கோட்டையும், பின்னர் இரு கருவிழிகளையும் ஒரே அளவில் இட்டு, இறுதியில் வெண்புள்ளி வைப்பது நலம். முகத்துக்கு மாதிரியாக நாட்காட்டிப் படங்களைப் பார்ப்பது வழக்கம். கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டையராசுவும் (1898–1976) அவர் மாணவர்களும் வரைந்து, சிவகாசியில் அச்சான தெய்வப் படங்கள் இவ்வட்டாரத்தில் தெய்வ முகம் எப்படி இருக்கும் என்ற எண்ணத்தையே வடிவமைத்தவை.

நச்சும் சட்டமும்

கரைப்பான்களில் டொலுயீன், சைலீன், அசிட்டோன் முதலியன உள்ளன. இவற்றின் ஆவி தலைவலி, மயக்கம் உண்டாக்கும். நெடுங்காலம் நுகர்வோருக்கு நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும். முகத்தில் கட்டும் துணியும் சாதாரண முகமூடியும் துளிகளை ஓரளவு தடுக்குமே தவிர ஆவியைத் தடுக்காது. செறிவூட்டிய கரி வடிகட்டி உடைய முகமூடியே பயன் தரும். வீட்டுக்குள் ஓர் அறையிலேயே உறங்கவும் பொம்மை அடிக்கவும் நேரும் சிறு பட்டறைக் குடும்பங்களுக்கு இது பெரும் இடர்.

மற்றொன்று ஈயம். மஞ்சள், ஆரஞ்சு நிறங்களுக்கு ஈயக் குரோமேட்டு நெடுங்காலம் பயன்பட்டது. இந்தியாவில் வீட்டு மற்றும் அலங்கார வண்ணங்களில் ஈயத்தின் அளவைப் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மிகாமல் வரையறுக்கும் விதிகள் 2016 இல் வெளியிடப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் பூசப்பட்ட பொம்மைகளில் ஈயம் இருக்கக்கூடும். எனவே பழைய எனாமல் பூச்சை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி எழுப்பக் கூடாது. நீர் தொட்டுத் தேய்த்து, கழிவைத் துணியில் துடைத்து அப்புறப்படுத்த வேண்டும். குழந்தைகள் வாயில் வைக்கக்கூடிய விளையாட்டுப் பொருட்களுக்கு இம்முறை ஏற்றதன்று.

நீர்நிலைகளில் கரைக்கும் உருவங்களுக்கும் இது பொருந்தாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2010 ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் 2020 மே மாதம் திருத்தப்பட்டு, பாரிசு சாந்தும் நச்சு வண்ணங்களும் விலக்கப்பட்டன. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தனி நீதிபதி ஒருவர், பாரிசு சாந்துப் பிள்ளையார்களை விற்கலாம், ஆனால் நீர்நிலையில் கரைக்கக் கூடாது என்று கூறினார். அடுத்த நாளே இரு நீதிபதிகள் அமர்வு அவ்வாணையை நிறுத்தி வைத்தது. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. கண்மாய் நீரே குடிக்கவும் விதைக்கவும் ஆதாரமாக உள்ள வட்டாரத்தில் இதன் பொருள் தெளிவானது. கண்மாயின் அடிமண்ணே குயவருக்கு மூலப்பொருள் என்பதையும் இங்குக் கருத வேண்டும். வேளாண்மைக்கும் மட்பாண்டத் தொழிலுக்கும் வண்டல் மண்ணை வட்டாட்சியர் அனுமதியுடன் கட்டணமின்றி எடுக்கும் நடைமுறையைத் தமிழக அரசு 2024 இல் எளிதாக்கியது. தெளிப்பு வண்ணம் பூசிய பாரிசு சாந்துச் சிலை கரைக்கப்படும் கண்மாயில், அடுத்த ஆண்டு குதிரை செய்வதற்குரிய மண்ணும் கிடக்கிறது.

கலைப்பொருளாக

கடைப் பொம்மையை மாற்றிக் கலைக்கூடத்தில் வைக்கும் போக்கு உலகின் பல நாடுகளில் உள்ளது. பிரித்தானியக் கலைஞர் பார்னபி பார்போர்டு, ஆத்திரேலியாவின் பென்னி பைர்ன் ஆகியோர் பழைய பீங்கான் பொம்மைகளை வெட்டி ஒட்டியும் வண்ணமிட்டும் சமூக விமரிசனங்களாக மாற்றியுள்ளனர். சீனக் கலைஞர் ஐ வெய்வெய் தொன்மையான மண் கலங்களைத் தொழிற்சாலை வண்ணத்தில் தோய்த்து, பழமையின் மேல் புதுப் பூச்சு எதை அழிக்கிறது என்ற வினாவை எழுப்பினார். கொலு வைப்பவர்களுக்கு இவ்வினா புதிதாக இராது.

தொழிலில் ஏற்பட்ட மாற்றம்

துப்பாக்கி வந்தபின் ஒரு நாளில் முடிக்கக்கூடிய பொம்மைகளின் எண்ணிக்கை கூடியது. நிறம் தீட்டும் ஆட்களின் தேவை குறைந்தது. தூரிகையில் கை தேர்ந்தவர்களுக்குக் கண்ணும் நகை வேலையும் மட்டும் எஞ்சின. மறுபுறம், வண்ணம் பூசாத பொம்மைகளை வாங்கித் தாமே பூசுவோர் பெருகியதால், பட்டறைகளுக்கு வெள்ளைப் பொம்மைக்கென ஒரு சந்தை உருவாகியுள்ளது. இதில் குயவருக்குக் கிடைப்பது உடலின் விலை மட்டுமே. வண்ணத்துக்குரிய கூலி, வாங்குபவரின் கைக்கும் பெயிண்ட் கடைக்கும் போய்விடுகிறது. பழைய பொம்மைகளின் முகத்தை மட்டும் எழுதித் தரும் வேலையைச் சில கைவினைஞர்கள் ஏற்கின்றனர். உடலுக்குத் தாமே தெளித்துவிட்டு, கண்ணுக்கு மட்டும் அவர்களிடம் கொண்டு செல்வது இரு தரப்புக்கும் பொருந்தி வருகிறது.